கட்டியது நான், ராசி ஆட்டோக்காரருக்கு

மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்ட கையும் கண்ணும் போதும் என்பார்கள். கட்டுவது பெண் என்றால் வாயும் வேண்டும்.

"வேற மெக்கானிக் இல்லீங்களா?" என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டே காது புளித்த தோழிகளே, நானும் உங்கள் கட்சிதான். காலையில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை, மதியத்துக்கு மேல் கணபதி பகுதியில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி கட்டும் ரீவைண்டிங் கடையில் வேலை.

காத்திருந்தவர்

திறந்து கிடந்த மோட்டாருக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுச் செப்புக்கம்பி கோத்துக்கொண்டிருந்தேன். வந்தவர் மெக்கானிக்கைக் கேட்டார். "நான்தானுங்க" என்றேன். என் கையைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரிங்க அம்மணி, அவரு வர்ற வரைக்கும் இருக்கறனுங்க."

பார்க்காத தண்ணீர்

சாயங்கால வெயில் பட்டால் செப்புக்கம்பி தேன் நிறமாகிவிடும். வார்னிஷ் வாசனையில் மனசு எங்கேயோ போகும். இந்தக் கம்பி ஏதோ ஒரு கிணற்றடியில் சுழலும். தண்ணீர் வாய்க்காலில் இறங்கி வாழை வேருக்குப் போகும். எத்தனையோ மோட்டார் கட்டியும் அந்தத் தண்ணீரை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் கொண்டுபோய் மாட்டுவது ஆண்கள் மட்டும்தான்.

ஏன் என்று முதலாளி ரஹீம் பாயிடம் ஒரு வாரம் விடாமல் வாதாடினேன். கடைசியில் காதைப் பொத்திக்கொண்டார்.

"போயிட்டு வாம்மா. ஆனா தோட்டக்காரரு ஒரு குறை சொன்னாலும், அப்புறம் நீ கடைய விட்டு நகரக் கூடாது."

கற்பூரம்

துடியலூர் பக்கம் ஒரு தோட்டம். சரக்கு ஆட்டோவில் போய் இறங்கி மோட்டாரை மாட்டி, ஒயர் கொடுத்தேன். தோட்டக்காரர் கற்பூரம் ஏற்றினார். ராசியான கைதான் முதலில் ஸ்டார்ட்டரை அமுக்க வேண்டுமாம். ஆட்டோ டிரைவரைக் கூப்பிட்டார். "கட்டுனது நானுங்க, மாட்டுனதும் நானுங்க!" என்று நான் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே, டிரைவர் கூச்சத்தோடு அமுக்கிவிட்டார்.

மோட்டார் ஓடியது. தண்ணீர் மட்டும் நூலாக ஒழுகியது. அவர் முகம் சுருங்கியது. குனிந்து பார்த்தால், மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது! எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முதலில் பார்க்க வேண்டியதை வாய்ச்சண்டையில் விட்டிருந்தேன். மெயினை அணைத்து, சுற்றும் பக்கம் மாறுவதற்காக இரண்டு ஒயரை இடம் மாற்றினேன். கற்பூரம் அணைந்திருந்தது. யாரையும் கேட்காமல் நானே அமுக்கினேன்.

குழாய் ஒருமுறை இருமியது. பிறகு வந்தது பாருங்கள், கை தடிமனுக்கு, வெள்ளையாக! வாய்க்கால் மண் இருண்டுகொண்டே போனது. சத்தம் எல்லாம் தள்ளிப் போய்விட்டது. காலை நனைத்தபடி, கனவில் நிற்கிற மாதிரி நின்றேன்.

தோட்டக்காரர் பாய்க்கு ஃபோன் போட்டதும்தான் விழிப்பு வந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் போய்க் காது கொடுத்தேன்.

"ஏனுங்க பாய், தண்ணி பிச்சுக்கிட்டு வருதுங்க. ஆட்டோக்காரத் தம்பிக்கு ராசியான கைங்க, அடுத்த வாட்டியும் அவரையே அனுப்புங்க. அந்த அம்மணியும் வரட்டும், ஒயரு மாத்தறதுக்கு ஆளு வேணுமில்லீங்க?"

ஆக, இப்போதெல்லாம் தோட்டம் தோட்டமாகப் போய்த் தண்ணீர் பார்க்கிறேன், ராசி மட்டும் முன் சீட்டில் உட்கார்ந்து ஆட்டோ ஓட்டிக்கொண்டு வருகிறது.