ஏழாம் நம்பர் வேனில் விஜயகுமாரியின் வாரம்

பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் ஏழாம் நம்பர் வேனில் ஒரு சட்டம் உண்டு. அதில் போகிற இருபத்திரண்டு பெண்களும் முறைவைத்து, வாரத்துக்கு ஒருத்தி பென்டிரைவ் கொடுக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க, போகும்போதும் வரும்போதும், அவள் பாட்டுதான். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாமே தவிர வாயைத் திறக்கக் கூடாது. பாட்டுச் சண்டை முற்றி வேனுக்குள் டிபன் பாக்ஸ் பறந்த நாளன்று டிரைவர் டேனியல் போட்ட சட்டம் இது. வருகிற திங்கட்கிழமை விஜயகுமாரியின் முறை.

விஜயகுமாரிக்கு நாற்பத்தேழு வயது. பத்தொன்பது வருஷமாக ஃபினிஷிங் டேபிளில் நிற்கிறாள். தைத்து வருகிற அப்பரில், அதாவது ஷூவின் மேல்தோலில், ஒட்டுகிற சொல்யூஷன் கறை இருந்தால் துணியில் கிளீனரைத் தொட்டுத் துடைத்தெடுப்பது அவள் வேலை. தோலின் நிறம் போகாமல் கறை மட்டும் போக வேண்டும். அதில் அவளை அடிக்க அந்த லைனில் ஆளில்லை. சூப்பர்வைசரே கெட்டுப்போன ஜோடியை அவளிடம்தான் கொண்டுவருவார். பாராட்டு மட்டும் வராது. அது போகட்டும், அவளுக்குப் பழகிவிட்டது.

பழகாதது வேறு ஒன்று. இரண்டு மாதத்துக்கு முன் வேனில் ஒரு பழைய பாட்டு ஓடியபோது, "இத நான் மேடையில பாடிகீறேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த செண்பகம், "நீங்களாக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். முன் சீட்டுக்காரிகளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் ஏறும்போதெல்லாம் "பாடகி வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று ஒரு குரல். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அவள் சொன்னது சத்தியம்.

பத்தொன்பது வயதில் அவள் பள்ளிகொண்டாவில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் பாடினாள். தொண்ணூற்றாறில் மாரியம்மன் திருவிழாவில் மூன்று பாட்டு. மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஜனம் விடவில்லை, திரும்பப் பாடச் சொன்னது. அடுத்த வருஷம் கல்யாணம். "மேடை ஏறி ஆடற பொண்ணுன்னு நாலு பேர் சொல்லுவாங்க" என்றாள் மாமியார். ஆடவில்லை, பாடினேன் என்று சொல்லிப் பார்த்தாள். அத்தோடு சரி.

அந்த இரவின் கச்சேரியைக் குழுவின் கிடார்க்காரர் கேசட்டில் பிடித்துக் கொடுத்திருந்தார். விஜயகுமாரியிடம் இருக்கும் சொந்தப் பொருள் என்றால் அதுதான். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் ஒதுங்கிக்கொடுப்பது அவள் பொருளாகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜ் வந்தபோது அவளுடைய தையல் மிஷின் வெளியே போய் மழையில் நனைந்தது. பெரிய டிவி வந்தபோது டேப் ரெக்கார்டரை அவள் கணவர் கோதண்டராமன் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஓடாத அவருடைய மொபெட் மட்டும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வாசலை அடைத்து நிற்கிறது. அது அவருடைய முதல் வண்டியாம், யாரும் தொடக் கூடாதாம்.

மகள் தமிழினி முதல் சம்பளத்தில் அம்மாவுக்கென்று ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினாள். பெயர்தான் அம்மாவுக்கு. விஜயகுமாரி ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அரிசி களைய உட்கார்ந்தால், அது தமிழினியின் போனோடு ஒட்டிக்கொண்டு அவள் தோழியின் பேச்சை வீடு முழுக்க ஒலிபரப்பும். ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியாது.

தன் முறை நெருங்கியதும் அவள் தீர்மானித்துவிட்டாள். அந்தக் கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றி வேனில் போட வேண்டும். ஆறு நாள், போகவும் வரவும், இருபத்தோரு பேரும் வாயை மூடிக்கொண்டு அவள் பாடியதைக் கேட்க வேண்டும். சட்டம் அப்படி.

வீட்டில் சொன்னாள்.

"அந்தப் பாட்டெல்லாம் யூடியூப்ல கீதும்மா. ரெண்டு நிமிஷத்துல ஏத்தித் தர்றேன்" என்றாள் தமிழினி.

"யூடியூப்ல நான் கீறனா?"

தமிழினி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கோதண்டராமன், "இருவத்தெட்டு வருசம் கழிச்சு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று கேட்டுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். அவர் அவள் பாடி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள். பழைய கேசட்டைப் பென்டிரைவுக்கு மாற்றித் தரும் கடை ஒன்று பஜாரில் இருந்தது. கடைக்காரர் நயீம் அகமது கேசட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது.

"பூஞ்சை ஜாஸ்தி புடிச்சிகீதும்மா. இப்பிடியே ஓட்டனா அறுந்துபோவும். விட்டுட்டுப் போங்க, பொறுமையா க்ளீன் பண்ணித் தர்றேன். பதினஞ்சு நாளு ஆவும்."

"பதினஞ்சு நாளா? எனக்கு திங்கக்கெழம வேணும் பாய்."

"அவசரப்படாதீங்கம்மா. இது நாசூக்கான வேல."

நாசூக்கான வேலையாம். பத்தொன்பது வருஷமாக வேறு என்ன செய்கிறாள் அவள்? சீமைக்குப் போகிற ஷூவில் ஒரு புள்ளி இல்லாமல் துடைத்து அனுப்புகிறவளுக்கு இந்த நாடா ஒரு விஷயமா? இதற்காகப் பதினைந்து நாள் விட்டால், அடுத்த முறை வர ஐந்து மாதம் ஆகும். "நாளைக்கு சுத்தமா எடுத்தாறேன் பாய். ஏத்தி மட்டும் குடுங்க" என்று கேசட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

பஸ் ஏறும் முன் அதே பஜாரில், ஷூ சாமான் விற்கிற கடையில் ஒரு சின்ன பாட்டில் கிளீனர் வாங்கினாள். கம்பெனியில் புழங்குகிற அதே சரக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலை முடித்து, வெள்ளைப் பனியன் துணியை நான்காக மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேசட்டின் துளையில் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றி நாடாவை இழுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவே துணியை வைத்து, அழுத்தாமல், நூலளவு ஈரத்தில் ஒரே சீராகத் துடைத்தாள். கை தானாகப் போயிற்று. பூஞ்சை சட்டென்று விட்டது. துணியில் பழுப்புக் கறை இறங்கியது.

இவ்வளவு அழுக்கா என்று அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. கம்பெனியில் துணியில் கறை இறங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். துணியின் மடிப்பை மாற்றினாள், மறுபடி துடைத்தாள். பதினோரு மணிக்குள் நாடா கண்ணாடி மாதிரி பளபளத்தது.

மத்தியானம் நயீம் அகமது அதை மிஷினில் போட்டார். உஸ் என்ற சத்தம் மட்டும் வந்தது. ஓட்டிப் பார்த்தார், திருப்பிப் போட்டார். பிறகு வெளியே எடுத்து ஒரு முழம் நாடாவை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாடாவின் ஊடாக அந்தப் பக்கம் தெருவில் போகிற ஆட்டோ தெரிந்தது.

"இன்னாத்துலம்மா துடைச்சீங்க?"

சொன்னாள்.

"அந்தப் பழுப்புலதான்மா பாட்டு இருந்திச்சு" என்றார் மெதுவாக.

அவள் அழவில்லை. பஸ்ஸில் வரும்போது தன் கையைத் தானே வெறுத்தாள். யாரையாவது திட்டலாம் என்று தேடிப் பார்த்தாள். பூஞ்சை பிடிக்கிற இடத்தில் கேசட் இருந்த பெட்டியை வைக்கச் சொன்ன கோதண்டராமனைத் திட்டினாள், தமிழினியைத் திட்டினாள், பதினைந்து நாள் கேட்ட நயீம் பாயைக்கூடத் திட்டினாள். எல்லாம் மனதுக்குள்தான். ஒன்றும் ஒட்டவில்லை. துடைத்தது அவள்தானே.

திங்கட்கிழமை காலை வேனில் ஏறியதும் டேனியல் கையை நீட்டினான்.

"பென்டிரைவ் அக்கா?"

"இல்லப்பா. வேற யாராவது போடட்டும்."

"அதெப்பிடி? இது உங்க வாரம். சட்டம்னா சட்டம்தான்" என்று அவன் வண்டியை எடுத்தான். அன்று போகவும் வரவும் வேனில் பாட்டே இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. எல்லாருக்கும் அவள்மேல் எரிச்சல் ஏறியது முகத்தில் தெரிந்தது.

புதன்கிழமை காலை மாதனூர் தாண்டியதும் செண்பகம் பொறுக்க முடியாமல் சொன்னாள்: "பென்டிரைவ் இல்லன்னா நீங்களே பாடுங்கக்கா. உங்க வாரந்தான?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். விஜயகுமாரிக்குச் சுர்ரென்று ஏறியது. இவளுக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பாட ஆரம்பித்தாள். திருவிழாவில் ஜனம் திரும்பக் கேட்ட அதே பாட்டு.

பல்லவி வந்தது. சிரிப்பு நின்றது. சரணத்தில் குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில் மூச்சு அறுந்தது. பத்தொன்பது வருஷக் கிளீனர் வாசம் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. இருமினாள். இறக்கிப் பிடித்தாள், சுருதி நழுவியது. விட்டுவிடவும் மனசில்லை. எப்படியோ கடைசி வரி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் முடித்தாள்.

வேன் முழுக்கக் கைதட்டியது. குழந்தை பள்ளிக்கூட விழாவில் பாடினால் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல். செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கேலி துளியும் இல்லை.

"நல்லா பாடனீங்கக்கா. நெஜமா. இப்ப நம்பறோம்."

"இது இல்ல செண்பகம்" என்றாள் விஜயகுமாரி. "அன்னைக்கு நான் பாடனது இப்பிடி இல்ல."

"எங்களுக்குத் தெரியாதாக்கா" என்று செண்பகம் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். இந்தக் குரலைத்தான் இனி இவர்கள் அன்றைய குரலாகவும் நினைத்துக்கொள்வார்கள், இல்லை என்று காட்ட உலகத்தில் எதுவும் மிச்சமில்லை. விஜயகுமாரி கையை உருவிக்கொண்டாள். வேன் கம்பெனி கேட்டுக்குள் திரும்பியது.