அண்ணாச்சி எழுதிய வரி, நான் வாங்கிய சிரிப்பு

செய்தி காலை ஏழு மணிக்கு எங்கள் குடியிருப்பின் தமிழ் வாட்ஸாப் குழுவில் வந்தது. "முத்தையா அண்ணாச்சி நேற்று மாலை மயூர் விஹார் வீட்டில் காலமானார்." முதலில் வந்த பதில் தரைத்தளத்து வரதன் மாமாவுடையது: "தாரு, இதிலெல்லாமா விளையாடுவது?"

தாரு என்பது நான். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். அந்தச் செய்தியை அனுப்பியவர் அண்ணாச்சியின் மகன். ஆனாலும் வரதன் மாமாவை நான் குறை சொல்ல மாட்டேன். அண்ணாச்சி பெயரில் எங்கள் கிட்வாய் நகரில் சுற்றிய செய்திகளில் பாதி நான் அனுப்பியவை. எது அவருடையது, எது என்னுடையது என்று பிரித்துப் பார்க்கும் சிரமத்தை யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவது அந்தப் பிரிக்கும் வேலைக்காகத்தான். குறிப்பாக, ஒரு செய்தியைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சி ஆயுள் காப்பீட்டு முகவர். திருநெல்வேலிக்காரர். மாதம் ஒரு ஞாயிறு பிங்க் லைன் மெட்ரோவில் ஏறி எங்கள் பக்கம் வருவார். வாசல் காவலாளியிடம் நெல்லைத் தமிழில் ஹிந்தி பேசி அவரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். பதினைந்து வீடு ஏறி இறங்கிக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வருவார். அப்பாவின் பிரீமியம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளப்பட்டதால் எங்களிடம் அவருக்கு வசூல் வேலை கிடையாது. காப்பிக்காக வருவார். காப்பீடு என்ற சொல்லை நான் காப்பி, ஈடு என்றுதான் பிரிப்பேன். அம்மா கொடுக்கும் காப்பிக்கு ஈடாக அவர் வேடிக்கை பேசுவார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாதுதான். ஆனால் வேறு மாதிரி எழுதினால் பொய். எங்கள் வீட்டில் வேடிக்கை பேசும் பதவி என்னுடையது. நான் எதையாவது சொன்னால் அம்மா மூக்கால் சிரிப்பாள், கை வேலை நிற்காது. அண்ணாச்சி சொன்னால் கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிப்பாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். என் வேடிக்கைக்கு அவர் ஒரு தடவைகூடக் கண்ணாடியைக் கழற்றியதில்லை.

போதாததற்கு எங்கள் வீட்டு ரகசியங்களெல்லாம் அவரிடம் இருந்தன. அப்பாவின் உண்மையான எடை, அம்மாவுக்கு நடந்த அறுவை சிகிச்சை, இருவரும் எனக்குச் சொல்லாத வயது எல்லாம் அவருக்குத் தெரியும். பாலிசியில் வாரிசாக அம்மா பெயர் மட்டும் இருப்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

"ஏன், என் பேர் இல்லையா?" என்று கேட்டேன்.

"நீ மைனர், பாப்பா," என்றார். "சேட்டையில மட்டுந்தான் மேஜர்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தவணை தவறியவர்களுக்கு அவர் அனுப்பும் நினைவூட்டல்கள் உங்களுக்கும் வந்திருக்கும். இரண்டே வரி. திட்டியது போலவும் இருக்கும், தட்டிக்கொடுத்தது போலவும் இருக்கும். எனக்கு அந்த இரண்டு வரிமேல்தான் வயிற்றெரிச்சல். ஒரு பழைய சிம்மைப் போட்டு, அவர் படத்தை ஒட்டி, நானும் அனுப்ப ஆரம்பித்தேன். வரதன் மாமாவுக்குப் போனது இது: "நடைப்பயிற்சி பாலிசி மூன்று வாரமாக லேப்ஸ். கதவுக்குப் பின்னால் தூங்கும் ஷூ சாட்சி." அப்பாவின் போனில் அந்தச் சிம் எண்ணை நானே "அண்ணாச்சி 2" என்று பதிந்து வைத்தேன். ஊருக்கே தெரிந்துபோனது. அண்ணாச்சிக்கும்தான். கோபித்துக்கொள்வார் என்று ஆசையாகக் காத்திருந்தேன். அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "ரெண்டாவது வரி நீளம், பாப்பா. சிரிக்க வந்தவன் மூச்சு வாங்கிருவான்," என்றார். அன்று மாலை அந்த வரியை எண்ணிப் பார்த்தேன். ஒரு சொல் அதிகமாகத்தான் இருந்தது. பொறாமை இரண்டு மடங்கானது.

தவணை தவறினால் என்ன ஆகும் என்று ஒருமுறை வரதன் மாமா எங்கள் வீட்டில் வைத்து அவரிடம் கேட்டார்.

"மாசா மாசம் கட்டுறவுகளுக்குப் பதினஞ்சு நாள் சலுகை உண்டு," என்றார் அண்ணாச்சி. "அதுவரைக்கும் பாலிசி உசுரோட இருக்கும். அதுக்குப் பொறவு படுத்துரும். பல வருசம் கட்டுன பாலிசின்னா, கட்டுன அளவுக்கு ஒரு சின்னத் தொகை நிக்கும். முழுத் தொகை போயிரும்."

"எழுப்ப முடியாதா?"

"எழுப்பலாம் சார். பாக்கியையும் வட்டியையும் கட்டணும். அதோட, நீங்க நல்லாருக்கீங்களான்னு கம்பெனிக்காரன் கேப்பான். கடைசியா எப்போ உங்கள யாராவது அப்படிக் கேட்டாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அவன் கேக்கான்னா காரணம் இருக்கும்."

மாமா சிரித்தார். நான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

போன வருடம் ஆகஸ்டில் அப்பாவை வேறு அமைச்சகத்துக்கு மாற்றினார்கள். முதல் மாதச் சம்பளம் பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. புது இடத்தில் ஏதோ அலவன்ஸ் என்று நினைத்து அப்பா ஜிலேபி வாங்கி வந்தார். சம்பளச் சீட்டை யாரும் திறக்கவில்லை. பழைய ஆபீஸ் பிடித்துக்கொண்டிருந்த பிரீமியத்தைப் புது ஆபீஸ் பிடிக்கவில்லை. நாங்கள் தின்ற ஜிலேபி அந்தப் பிரீமியம்.

ஒரு வாரம் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது அப்பா போனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அம்மாவுக்கு உரக்கப் படித்தார்.

"ஆபீஸ் மாறியாச்சு, நாற்காலி மாறியாச்சு, பிரீமியம் மட்டும் பழைய ஆபீசிலேயே டிபன் டப்பாவோடு உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு. இருபதாம் தேதிக்குள்ள கூட்டிட்டுப் போயிருங்க, இல்லேன்னா பாலிசி படுத்துரும்."

அம்மா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தாள். வந்தது "அண்ணாச்சி"யிலிருந்தா "அண்ணாச்சி 2"இலிருந்தா என்று அப்பா பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"ஏய், இது நீதானே?"

அந்த டிபன் டப்பாவை நான் ஆயுளுக்கும் யோசித்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். ஆனால் அப்பா கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றேன்.

"பிரமாதம்டி," என்றார் அப்பா. "அண்ணாச்சியே தோத்தார் போ."

அந்தப் பாராட்டோடு தூங்கப் போனேன். அது உண்மையான எச்சரிக்கை என்று எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பாதி உறைத்தது. எப்படியும் அண்ணாச்சி மறுபடி அனுப்புவார், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் அனுப்பவில்லை. ஏனென்றால் அப்பா, எனக்கு அனுப்புவதாக நினைத்து, "சூப்பர்" என்று ஒரு கட்டைவிரலோடு பதில் போட்டிருந்தார். விஷயம் முடிந்தது என்று நினைத்து அண்ணாச்சி மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் அவருடைய போன் என்னிடம் இருந்தது. அம்மா கையில் பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு, "பாலிசி ஒண்ணு இருக்கு, அதுதான் தைரியம்," என்று பெரியம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குள் போய், அந்தச் செய்தியையும் அதற்கு அப்பா போட்ட பதிலையும் அழித்தேன். இந்தக் கட்டுரையில் எழுதக் கஷ்டமான வரி இதுதான். எழுதிவிட்டேன்.

அப்பா வீடு திரும்பிய மறுநாள் அண்ணாச்சி ஊரிலிருந்து வந்து இறங்கி, பையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பாலிசியைத் தன் பட்டியலில் பார்த்திருந்தார். படுத்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னார்.

"தாரு விளையாட்டா எழுதி அனுப்பினதுதான் பலிச்சிருக்கு. நீங்க எதுவும் சொல்லவே இல்லையே, அண்ணாச்சி," என்றார் அப்பா.

அண்ணாச்சி போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளி மேலே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. அப்பாவின் "சூப்பர்" அங்கே இருந்திருக்கும். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் இருந்திருக்க வேண்டும். போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நேர்ல வந்து சொல்லிருக்கணும் சார். விட்டுட்டேன். என் தப்புதான்."

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். "பதினாலு வருஷமா வீட்டு மனுஷன் மாதிரி வந்துட்டு இருக்கீங்க. ஒரு போன் பண்ண முடியலையா உங்களால? இவருக்கு ஏதாவது ஆகியிருந்தா நானும் இவளும் எங்கே போய் நிப்போம்?"

"சரிதான் தங்கச்சி," என்றார் அவர். அன்று அவருக்குக் காப்பி இல்லை.

பாலிசியை எழுப்பும் வேலைக்காக அதற்குப் பிறகும் நான்கு முறை வந்தார். உடல்நலப் படிவத்தில் ஸ்டென்ட் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமே என்று அப்பா கெஞ்சினார். "எழுதாம விட்டா பாலிசி எந்திரிச்சிரும் சார்," என்றார் அண்ணாச்சி. "ஆனா நீங்க இல்லாத அன்னிக்கு, தங்கச்சி போய்க் கேக்கும்போது அது செத்துரும். அதுக்கு இப்பமே படுத்துக் கிடக்கட்டும்." எழுத வைத்தார். கம்பெனி ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டது. அம்மா அதையும் அவர் கணக்கில்தான் எழுதினாள். பூங்காவில் எல்லோரிடமும் சொன்னாள். உங்களில் மூன்று குடும்பங்கள் புதுப் பாலிசியை வேறு முகவரிடம் எடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏறி இறங்கும் வீடுகள் குறைந்தன. இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், நான் யாருக்காக எழுதுகிறேன் என்று.

நான்காம் முறை அவர் கிளம்பியபோது லிஃப்ட் வரை பின்னால் போனேன்.

"ஏன் சொல்லலை அண்ணாச்சி?"

"எதை?"

"அந்த மெசேஜை."

அவர் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். "உங்கப்பா சிரிச்சாரா?"

"கண்ணாடியக் கழட்டிட்டுச் சிரிச்சார்."

"அம்மா?"

"தட்டையே தள்ளி வச்சுட்டாங்க."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. அதைப் பார்த்து எனக்கு அந்த நேரத்திலும் எரிந்தது. "டிபன் டப்பாவுக்கு ரெண்டு நாளு யோசிச்சேன் பாத்துக்க," என்றார். பிறகு குரலைத் தணித்தார். "நெஞ்சுல கம்பி வச்ச மனுசன்கிட்ட, மவ பொய் சொன்னான்னு இப்பம் போய்ச் சொல்லவா? அவர் தேறட்டும். நீயே சொல்லு. நான் சொன்னா அது புகாரு. நீ சொன்னா அது வேற."

"சொல்றேன்," என்றேன்.

"சொல்லுவ," என்றார். லிஃப்டில் ஏறிப் போய்விட்டார்.

அப்பா தேறினார். ஜனவரியில் நடக்க ஆரம்பித்தார், மார்ச்சில் ஆபீஸ் போனார். எனக்குப் பரீட்சை வந்தது, விடுமுறை வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். தவணை தவறினால் அதிகபட்சம் என்ன ஆகும், வட்டியோடு கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன் போல. வாங்கிக்கொள்ள வேண்டியவர் போய்விடுவார் என்று எந்தப் படிவத்திலும் போட்டிருக்கவில்லை.

செய்தி வந்த காலையிலேயே வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா நெடுநேரம் தன் போனில், நான் அழித்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அண்ணாச்சியின் மகனை அழைத்து, அந்தச் செய்தி அவருடைய அப்பாவின் போனில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். மறுபடி படித்தபோது சிரிப்பு வந்ததோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்க நேரமானது.

அம்மா மட்டும் கேட்டாள்: "எட்டு மாசமா அந்த மனுஷனுக்கு ஒரு வாய் காப்பி தரலைடி நான். உனக்குத் தெரியும்தானே? பாத்துட்டுத்தானே நின்னே?"

பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மயூர் விஹாரில் அவர் மனைவியிடம் அம்மாவால் எதுவும் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆகவே அவர்களுக்கும், அந்த மூன்று குடும்பங்களுக்கும், பூங்காவில் கேட்ட எல்லோருக்கும் நான் சொல்கிறேன். முத்தையா அண்ணாச்சி எங்களுக்குச் சொல்லாமல் விடவில்லை. தேதி போட்டு, சலுகை நாட்களுக்குள், தானே எழுதி அனுப்பினார். வந்த எச்சரிக்கையை என்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டவள் நான். டிபன் டப்பா அவருடையது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது பொறாமைதான். அது குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு அவர் எழுதிய இரண்டு வரிமேல் இருந்தது. என் பொய்யைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நல்ல பெயரில்லாமல் எட்டு மாதம் எங்கள் படிகளில் ஏறி இறங்க அவருக்குத் தெரிந்திருந்ததே, இப்போது அதன்மேல் இருக்கிறது. எனக்கு அது வராது. அதனால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.