நண்டு கழற்றும் நேரத்துப் பள்ளிக்கூடம்

இப்போது நான் படிப்பிக்கும் முன்பள்ளி ஓமந்தைப் பக்கம் இருக்கிறது. மின்விசிறி உண்டு, சறுக்குமரம் உண்டு, எட்டு மணிக்கே பிள்ளைகள் பவுடர் மணக்க வந்து நிற்கிறார்கள். என் மனம் என்னவோ நண்டு மணக்கும் பிள்ளைகளைத்தான் தேடுகிறது.

அவர்கள் முல்லைத்தீவில், கடல்நீர் தேங்கி நிற்கும் ஒரு களப்பின் கரைப் பிள்ளைகள். அங்கே தேவாலயத்துக்குப் பின்னால் எங்களுக்குப் புதுக் கட்டடம் தந்திருந்தார்கள். கட்டணம் இல்லை. கொப்பி, பென்சில், அவித்த பயறு எல்லாமே இலவசம். ஆனாலும் முதல் மாதம் முழுக்க நான் வெறும் கதிரைகளுக்குத்தான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன்.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி கதிரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தச் சனத்துக்குப் படிப்பிலை அக்கறை இல்லை, ரீச்சர். அடுத்தமுறை வரேக்கையும் இப்பிடி இருந்தால் மூடத்தான் வேணும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் அந்தச் சனம்தான். பக்கத்துக் கரையில் பிறந்தவள். முன்பள்ளிக்கு எட்டு மணி என்று நேரம் போட்டவர் ஒருநாளாவது தோணி பார்த்து நின்றிருந்தால் அப்படிப் போட்டிருக்க மாட்டார். விடியற்காலையில்தான் நண்டு வலை கரைக்கு வரும். சிக்கிய நண்டை உயிரோடு, கால் முறியாமல் வலையிலிருந்து கழற்ற வேண்டும். முறிந்தால் வியாபாரி பாதி விலைக்குத்தான் எடுப்பார். தாய்மார் வெயில் ஏறும்வரை எழும்ப முடியாது. பிள்ளைகளும் பக்கத்தில் மணலில் குந்தியிருப்பார்கள்.

மறுநாள் கட்டடத்தைப் பூட்டிவிட்டு, பாயையும் பயற்றுப் பானையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். வலைகளுக்குப் பக்கத்தில் பூவரச மர நிழலில் பாயை விரித்தேன். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி முதலில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய தாய் வலையிலிருந்து தலை நிமிராமலே, "நல்லதாப் போச்சு, ரீச்சர். என்னாலை எழும்பேலாது. அவளை உங்களிட்டை விடுறன்" என்றா. கொஞ்ச நேரத்தில் பாயில் இடம் போதவில்லை.

அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். ஈர மணலில் 'அ' எழுதுவோம், நாய் வந்து மிதிக்கும், நாயைத் திட்டிவிட்டுத் திரும்ப எழுதுவோம். நான் பாட்டைப் பிழையாகப் பாடினால் வலைப் பக்கமிருந்து தாய்மார் திருத்துவார்கள்.

அதிகாரி திரும்ப வந்தார். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து வந்தார். முகம் நல்லாயில்லை. இன்றோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் அந்தச் சிறுமியிடம், "நண்டுக்கு எத்தனை கால்?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "எந்த நண்டுக்கு, சேர்? முறிஞ்சதுக்கோ, முறியாததுக்கோ?"

தாய்மார் கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்து பயறும் சாப்பிட்டார். போகும்போது, "நேரத்தைப் பத்து மணியாக்க நான் கேட்டுப் பார்க்கிறன். அதுவரைக்கும் இஞ்சையே நடத்துங்கோ" என்றார். கேட்டும் தந்தார். அதற்குப் பிறகு நண்டு கழற்றி முடித்த கையோடு தாய்மாரே பிள்ளைகளைக் கட்டடத்துக்குக் கூட்டி வந்தார்கள்.

அடுத்த வருடம் அந்தச் சிறுமி முதலாம் வகுப்புக்குப் போனாள். பெரிய பள்ளிக்கூடம் யாருக்காகவும் நேரத்தை மாற்றாது, ஏழரைக்கு மணி அடித்துவிடும். தாய்க்கு வலை வேலை இருக்கும், அவளை நானே வகுப்புக்குக் கூட்டிப்போகலாம் என்று ஏழு மணிக்கே அந்தப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். தாயும் மகளும் எனக்கு முன்னமே அங்கே நின்றார்கள். தாய் சேலை உடுத்தியிருந்தா. விரல்களில் நண்டு கடித்த காயம் ஆறியிருக்கவில்லை.

"வலை?" என்று கேட்டேன்.

"கரையிலை கிடக்குது, ரீச்சர். இண்டைக்கு எல்லாக் காலும் முறிஞ்சாலும் பரவாயில்லை" என்றா.

நான் அழுதுவிட்டேன். தாய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனா.