டாக்டரம்மா கேட்ட பூசணிக்காய்

சந்தையில் அவரை ‘வெண்கலத் தொண்டை’ என்றுதான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மூட்டை தூக்க வந்து, காய்கறி மொத்தச் சந்தைக்கே ஏலக்காரர் ஆனவர். யார் கையையும் பிடித்து மேலே வரவில்லை, தன் தொண்டையை நம்பி வந்தார். அவர் ‘ஒரு தரம்’ என்று எடுத்தால் லாரி ஹாரன்கூட வெட்கப்பட்டு அடங்கும். இது வெறும் பெருமையில்லை. கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளலாம்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது.

கதிர்வீச்சு கொடுத்து, மருந்து ஏற்றி, ஒரு வெயில்காலமும் ஒரு மழைக்காலமும் போனபின் டாக்டரம்மா சொன்னார்: “கட்டி போயிடுச்சு. ஸ்கேன்ல சுத்தமா இருக்கு. குரல் மட்டும் இனிமே இவ்வளவுதான். கத்தவே கூடாது.”

வேறு யாராவது என்றால் உயிர் பிழைத்ததே போதும் என்று வீட்டில் படுத்திருப்பார்கள். இவர் படுக்கிற ஆளா?

ஆஸ்பத்திரியில் ஒரு காட்சி அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு ஊசி போட்ட, வாந்தியைக் கையில் ஏந்திய, “இன்னும் ஒரு வாய் முழுங்குங்கப்பா” என்று கெஞ்சிய நர்ஸம்மாக்கள், மருந்து அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். பக்கத்திலேயே ஓர் அறை காலியாகக் கிடந்தது. உட்கார நாற்காலி இல்லை, முதுகு சாய்க்கக் கட்டில் இல்லை. “அந்த அறைக்கு வேண்டியதை நான் வாங்கிப் போடறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சொந்தப் பணமோ வைத்தியத்திலேயே கரைந்துபோயிருந்தது.

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். “ஏங்க, குரல் போயும் வாய்ச்சவடால் போகலையே! பணத்துக்கு எங்க போவீங்க?”

“சந்தையில ஏலம் போடுவேன்.” சருகு உரசுகிற மாதிரி வந்தது பதில்.

“எந்தக் குரலை வச்சு?”

நியாயமான கேள்விதான். வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்க அவருக்கு வராது. தெரிந்த வித்தை ஏலம் ஒன்றே. குரல் எழும்பாவிட்டால் நர்ஸம்மாக்களுக்குக் கொடுத்த வாக்கும் போச்சு, சந்தையில் மானமும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை, வியாபாரம் ஓய்ந்த நேரம். வியாபாரிகள் ஆளுக்கொரு சரக்கை இனாமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். வெங்காயக் கடை வைத்திருக்கும் மைத்துனர் எங்கிருந்தோ ஒரு மைக் பிடித்து வந்தார். பேசிப் பார்த்தால் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். அதைத் தள்ளிவிட்டு, காலிப் பெட்டிமேல் ஏறினார் ஏலக்காரர். இடுப்பில் பிள்ளையைப் போல ஒரு பெரிய பூசணிக்காய்.

“மச்சான், ஒண்ணுமே கேக்கல!” என்று பின்னாலிருந்து கத்தினார் மைத்துனர்.

“நீ வாயை மூடுய்யா, கேக்கும்,” என்றார் பூண்டு வியாபாரி.

சிரித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வாயை மூடினார்கள். வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார். எதற்கும் அடங்காத சந்தை அன்றைக்கு அடங்கியது. சருகுக் குரல் கடைசித் தூண்வரை போய்ச் சேர்ந்தது. விலை ஏறியது. அந்த உற்சாகத்தில் அவர் குரலை ஒரு பிடி கூட்ட, கழுத்து நரம்பு புடைத்தது.

அந்நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே நுழைந்தார். நர்ஸம்மா சொல்லிக் கேள்விப்பட்டு, பதறி ஓடி வந்திருக்கிறார். அந்தக் கழுத்தைப் பார்த்ததும், நிறுத்தச் சொல்லிக் கையை உயரத் தூக்கினார்.

ஏலக்காரருக்குக் கை தெரிந்தால் போதும், ஆளைப் பார்க்கிற பழக்கம் கிடையாது.

“வாசல் பக்கம் ஒரு கை! ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!”

பிறகுதான் கைக்குச் சொந்தக்காரரைப் பார்த்தார். பெட்டியிலிருந்து விழாதது தெய்வாதீனம்.

“நான் நிறுத்தத்தானே சொன்னேன்!” என்றார் டாக்டரம்மா.

“சந்தையில கை தூக்கினா வாங்கிட்டதா அர்த்தம் டாக்டரம்மா,” என்று மைத்துனர் பூசணிக்காயைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார். “வாய்ப்பேச்சு இங்க செல்லாது.”

டாக்டரம்மா அதன் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, கோபப்படப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டார். பணத்தையும் எடுத்துக் கொடுத்தார். “வீட்ல நாங்க ரெண்டே பேர், இதை வச்சு என்ன பண்றது? மறுபடியும் ஏலம் விடுங்க. ஆனா மெதுவா. குரலை ஏத்தினீங்கன்னா பெட்டியை உருவிடுவேன்.”

அவ்வளவுதான், அடுத்து வாங்கியவரும் திருப்பிக் கொடுத்தார், அதற்கடுத்தவரும் கொடுத்தார். ஒரே பூசணிக்காய் காலை முழுக்க விலைபோனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. அதைக் கட்டிலும் நாற்காலியுமாக மாற்றியவர் இவர் ஒருவர்தான்.

எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா அவரை அந்தப் பெட்டியிலேயே உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். மனைவி விரலைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணும் ஆகல, நல்லாவே இருக்கு. ஆனா ஒரு வாரத்துக்குப் பேச்சே கூடாது.”

மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு வாயும் வந்தது. “ஏன் டாக்டரம்மா ஒரு வாரத்தோட நிறுத்தறீங்க? ஆயுசுக்கும்னு எழுதிக் குடுங்க!”

ஏலக்காரரிடம் அதற்குப் பதில் பத்து இருந்தது. ஒன்றைக்கூடச் சொல்லாமல், கண்ணில் தண்ணீர் முட்டச் சிரித்துக்கொண்டே இருந்தார்.