பில் இல்லாத காக்கிச் சட்டை

போன வாரம் சென்னையில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தேன். தலையில்லாத பொம்மை ஒன்றுக்குக் காக்கிச் சட்டை மாட்டியிருந்தார்கள். தோளில் பட்டி, மார்பில் மூடி வைத்த இரண்டு பைகள். 'வேட்டைச் சட்டை, பாதி விலை' என்று அட்டை வேறு. சட்டையை எடுத்து முகர்ந்தேன். அதே முரட்டுத் துணி வாசனை.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் என் நைனா வயலில் வளை தோண்டி எலி வெட்டுவார், முள்காட்டில் முயலுக்கு வலை கட்டுவார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். பத்தாவது முடித்து ஓர் ஆபீசில் தற்காலிக வேலை. முதல் சம்பளத்தில் நைனாவின் வேட்டைச் சாமான்களையெல்லாம் சிக்கனமாகப் புதுப்பிப்பது என்று முடிவு செய்தேன். படித்தவன் அல்லவா, தாளில் எழுதித்தான் திட்டம் போட்டேன்.

வளை தோண்ட, உடைந்த லாரி வில்பட்டையைக் கொல்லரிடம் கொடுத்துக் கம்பியாக அடித்து வாங்கினேன். அது ஜெயித்தது. புது முயல்வலை விலை அதிகம் என்று, தாமல் ஏரி மீன்காரர்கள் கழித்துப்போட்ட வலையை வாங்கி வந்தேன். முதல் முயலே அதைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டது.

"மொயலு நீந்திக்கினு வரும்னு நெனச்சியாடா?" என்று நைனா விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்போதுதான் அவர் முதுகைப் பார்த்தேன். புதுக் கீறல், பழைய கீறல், எல்லாம் முள். காஞ்சிபுரத்தில் தரையில் குவித்து விற்கும் பழைய துணியில் தோளில் பட்டி வைத்த ஒரு காக்கிச் சட்டையைத் தேடிப் பிடித்தேன். "பில்லெல்லாம் கேக்காத தம்பி, அதான் சல்லிசு" என்றார் கடைக்காரர். நல்ல பேரம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனா பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"யாருய்யா நீ? எம் புருசன் எங்க?" என்றாள் அம்மா.

"முள்ளு கிட்டயே வராதும்மே!" என்றார் நைனா.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மானாம்பதிப் பக்கம் ஒரு நிலத்துக்காரர் எலி வெட்டக் கூப்பிட்டிருந்தார். நானும் கூடப் போனேன். சைக்கிளில் வந்த போலீஸ்காரர் ஒருவர் வரப்போரம் இறங்கினார்.

"இன்னாடா, எலி புடிக்கிறவனுக்குத் தோள்ல பட்டி கேக்குதா? எங்க திருடின?"

"எம் புள்ள வாங்கியாந்தான் சாமி. அவன் சம்பளத்துல."

அவர் என் பக்கம் திரும்பினார். "பில்லு கீதாடா?"

நான் வாயைத் திறந்தேன். பத்து வருடம் படித்த வாய். "இல்லீங்க ஐயா. மன்னிச்சிடுங்க."

எதற்கு மன்னிப்பு? நீங்களே சொல்லுங்கள். நிலத்துக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எலி தின்றது அவர் நெல்லை. நைனா ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். சட்டையை நாலாக மடித்து வரப்பில் வைத்தார். வெற்றுடம்போடு மறுபடி வளைக்குள் கையை விட்டார். போலீஸ்காரர் சட்டையைக் கேரியரில் செருகிக்கொண்டு போய்விட்டார். அவரிடம் யார் பில் கேட்டார்கள்?

திரும்பி நடக்கும்போது, "வுட்றா. அதுல ஒரே வேர்வ, பேஜாரு" என்றார் நைனா. எனக்கு ஆறுதல் சொல்கிறாராம். திட்டியிருந்தால் தேவலை. அதற்கப்புறம் அவர் சட்டையே போடவில்லை. என் கல்யாணத்துக்கும் தோளில் துண்டோடுதான் வந்தார்.

அந்த முள்காட்டை இப்போது கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். முயல் இல்லை. நைனாவும் இல்லை. ஆனாலும் போன வாரம் அந்தத் துணிக்கடையில் அவர் அளவுக்கு ஒரு காக்கிச் சட்டை எடுத்தேன்.

"பில் வேணுமா சார்?"

"கண்டிப்பா வேணும்!" கத்திவிட்டேன் போலிருக்கிறது. பில் போடுகிற பையன் மிரண்டு போனான்.

பில்லை மடித்து அந்தச் சட்டையின் பையிலேயே வைத்திருக்கிறேன். எவன் கேட்டாலும் காட்டுவேன். போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.