கொடும்பாவிக்குச் சட்டை

டேப்பைக் கழுத்தில் போட்டவளுக்கு ஊரில் யார் பெருத்தார், யார் இளைத்தார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தெரிந்ததை விழுங்கிக்கொண்டு மெஷின் மிதிக்கிற கஷ்டத்தை, மிதிக்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

பொருத்தம்

எங்கள் தீவில், புரோத்ராபூரில், பஞ்சாயத்துத் தலைவர் பிரதானுக்கான தேர்தலில் வாளிச் சின்னம் ஜெயித்தது. தோற்ற கோடாரிச் சின்னக்காரரைக் கொடும்பாவி கட்டிக் கொளுத்தினார்கள். அதோடு நிற்கவில்லை, அவருடைய பாக்குக் கன்றுகளையும் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். பாவம் பார்த்து அதைத் திரும்ப நட்டுக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

கொடும்பாவிக்குச் சட்டை தைக்கச் சொல்லி வந்தபோதே நான் கேட்டேன், "வைக்கோலுக்கு எதுக்கண்ணே சட்டை? ஒரு சாக்கை மாட்டுங்களேன்." வந்தவர் சிரிக்கவில்லை.

"அவன் அளவு உன்கிட்ட இருக்குல்ல தங்கச்சி, அதுலயே வெட்டு. பாக்கிறவன் அவனே எரியறான்னு நினைக்கணும்."

புகை

அடுத்த தேர்தலில் கோடாரி. இந்தத் தடவை வாளிக்காரர் அளவு. போன தடவை வெட்டின, கப்பலில் வந்த அதே கோடு போட்ட துணி. ஊரில் பாதிப் பேர் உடம்பில் அதுதான். கன்றைப் பிடுங்கினதுக்குப் பழியாக அவருடைய மாட்டுக்கொட்டகையையும் கொளுத்தினார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவர் இப்போதும் என் வீட்டுக்காரர்தான்.

அப்புறம் ஒருநாள் வாளிக்காரர் சம்சாரம் புதுச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள். தையல் பிரிந்ததோ என்று பார்த்தேன். ஒரு குறையுமில்லை.

"நீ தைச்ச எதைப் போட்டாலும் புகை நாத்தம் அடிக்குதாம்க்கா அவருக்கு. நானும் மோந்து பாத்துட்டேன், ஒண்ணுமில்ல."

இடது தோள்

இந்தத் தேர்தலுக்கு ஓட்டே போடவில்லை, அதற்குள் வாளிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பேர் சொல்லவில்லை, அளவு மட்டும் சொன்னார்கள். இடது தோளை இறக்கி வெட்டவேண்டுமாம். என் கால் நின்றுவிட்டது. காட்டிலாகாவில் மரம் சுமந்து இடது தோள் இறங்கின ஆள் இந்த ஊரில் ஒருத்தர்தான். அவர் உள்ளே பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கோடாரிக்காரர்கள் பக்கத்திலிருந்து வங்காளி தாதா வந்தார். எனக்கு அவர் தாதா, அதாவது அண்ணன்; அவருக்கு நான் பஹன், தங்கச்சி. அதே அளவு, அதே தோள். "யாரு தாதா இது? எந்தக் கட்சி?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. உள்ளே தொட்டில் சத்தம் வந்த பக்கம் கண்ணைக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் ஓடறவன், பஹன். யார் ஜெயிச்சாலும் வேணும், இப்பவே தைச்சு வை."

இரண்டு சட்டைக்கும் தோளைச் சமமாக வெட்டிவிட்டு, வீட்டுக்காரர் சட்டை எல்லாவற்றிலும் இடது தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டேன். இனி எந்தச் சின்னம் ஜெயித்தாலும் சரி, புரோத்ராபூரில் தோள் இறங்கினவர் என்று ஒருத்தரும் கிடையாது.