பெருமாள்சாமி தோட்டத்துத் தேனீக் கணக்கு

மீனலோசினி தேனீ எண்ணுகிறாள் என்றால் சங்கரன்கோவிலில் முதலில் சிரிப்பார்கள். அவளுடைய அப்பா கோமதிநாதனும் சிரித்தவர்தான். கோவில் அலுவலகத்தில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "ஏட்டி, அத எண்ணி யாருக்கு என்ன ஆகப்போவுது?" என்று கேட்டார். விலங்கியல் படித்து, திருநெல்வேலியில் எம்.எஸ்சி. முடித்து, ஏலக்காய்த் தோட்டங்களில் யாரோ ஒருவருடைய ஆராய்ச்சிக்காக இரண்டு வருஷம் குனிந்து நின்று முதுகை ஒடித்துக்கொண்ட பிறகுதான் பெங்களூரில் அவளுக்கு பி.எச்டி. இடம் கிடைத்தது. அப்போது வயது இருபத்தெட்டு. கல்யாணப் பேச்சு எடுத்து வருகிறவர்களிடம் அப்பாவே "படிப்பு முடியட்டும்" என்று சொல்லிச் சமாளித்தார்.

புளியங்குடி எலுமிச்சை காய்ப்பதில் தேனீக்கு எவ்வளவு பங்கு என்பது அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு மருந்து அடிக்கிற தோட்டம் ஒன்றும், பூ எடுக்கும்போது மருந்தே அடிக்காத தோட்டம் ஒன்றும் வேண்டும். முதல் வகைக்குப் பஞ்சமில்லை. இரண்டாவதுக்குப் பன்னிரண்டு பேரிடம் கேட்டாள். பெருமாள்சாமி ஒருவர்தான் தலையாட்டினார். "பூவுக்கு அடிக்கக் கூடாது, அவ்வளவுதான? அடிக்கல" என்றார். அவளுக்குப் பட்டம் வருமுன்னே "டாக்டரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தவரும் அவர்தான்.

ஒவ்வொரு தை மாதமும் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஒரு மரத்தடியில் பத்து நிமிஷம், ஒரே கிளையைப் பார்த்தபடி நிற்பாள். எத்தனை தேனீ வந்தது, என்ன தேனீ என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவாள். மருந்தடிக்கிற தோட்டத்தில் ஒரு கிளைக்கு நாலு வந்தால் பெருமாள்சாமி தோட்டத்தில் இருபது வந்தது. இப்படி மூன்று வருஷக் கணக்கு வேண்டும். இரண்டு வருஷம் குறையில்லாமல் முடிந்தது.

மூன்றாவது வருஷம், வழிகாட்டிப் பேராசிரியர் தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் கிளைகளில் இலையைப் பின்னிக் கூடு கட்டுகிற முசுறு எறும்பு கடித்து அவள் கை வீங்கிவிட்டது. "உங்க மரத்துல நம்மள நிக்க விடமாட்டேங்குது அண்ணாச்சி. எங்க சாரு வேற வாராரு" என்று சிரித்துக்கொண்டே கையைக் காட்டினாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான்.

பேராசிரியரோடு அவள் போய் இறங்கியபோது பெருமாள்சாமி வெள்ளை வேட்டியும் இளநீருமாக நின்றார். தோட்டம் முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. பூத்துக் குலுங்கிய மரங்களில் ஒரு சத்தமும் இல்லை. மரத்தடியில் குனிந்து பார்த்தாள். ஈர மண்ணில் தேனீக்கள் செத்துக் கிடந்தன.

"ஒரு எறும்பு கெடையாது பாத்துக்கிடுங்க. பெரியவரு வாராருன்னு நேத்து சாயங்காலமே எல்லாக் கூட்டுக்கும் மருந்தடிச்சிட்டேன். பூவுக்கு அடிக்கல. கூட்டுக்கு மட்டுந்தான்" என்றார் அவர். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கழுவிவிடுகிற ஊர் அது. அவர் தோட்டத்தைக் கழுவிவிட்டிருந்தார்.

பேராசிரியருக்குத் தமிழ் தெரியாது. என்ன மருந்து, ஏன் அடித்தார் என்று கேட்கச் சொன்னார். மீனலோசினி இரண்டு பக்கமும் பொய் சொன்னாள். அவரிடம், எறும்புக்கு அடிக்கச் சொன்னது நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பெருமாள்சாமியிடம், "தோட்டத்த ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கன்னு சொல்லுதாரு அண்ணாச்சி" என்றாள். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அந்த முகத்தைப் பார்த்து வேறு என்னதான் சொல்ல முடியும்? மூன்று வருஷம் தோட்டத்தைத் திறந்துவிட்ட மனுஷன்.

அந்த வருஷக் கணக்கு செல்லாது, இன்னும் ஒரே ஒரு வருஷம் தரலாம், அதோடு காலம் முடிகிறது என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் அழுதாள். பெருமாள்சாமியிடம் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பெங்களூருக்குப் போனாள். அங்கிருந்து நாலு தடவை அவருக்குப் போன் செய்தாள். நாலு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தாள்.

மறு தை மாதம் தோட்டத்து வாசலிலேயே அவர் காத்திருந்தார். "வாங்க டாக்டரம்மா. ஒங்களுக்குக் கை வீங்கக் கூடாதுன்னு இந்தத் தடவையும் முந்தின நாளே எறும்ப ஒழிச்சு வச்சிட்டேன்."

பையைக் கீழே வைத்தாள். அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள்: மருந்து காற்றில் பூவுக்குப் போனது, தேனீக்கள் செத்தது, தன் ஒரு வருஷம் போனது, இப்போது இந்த வருஷமும் போனது. பேராசிரியர் அன்றைக்கு உண்மையில் கேட்டது என்ன என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

பெருமாள்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மரங்களைப் பார்த்தார்.

"போன வருஷம் காய்ப்பு கொறஞ்சது பனியாலன்னுல்லா நெனச்சேன்" என்றார். பிறகு, "அன்னைக்கே சொல்லிருந்தீங்கன்னா எனக்கு ஒரு நாளு மனசு சங்கடப்பட்டிருக்கும். அவ்வளவுதானம்மா" என்றார்.

மீனலோசினி பையைத் திறந்தாள். நோட்டை எடுத்துக்கொண்டு முதல் மரத்தடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்றாள். பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.